வாடகைக்காரரை வெளியேற்றும் வழக்கு: வழக்கறிஞர் கட்டணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) வாடகைக்கு விடப்படும் வீடுகள் பலவும் தோட்டத்தில் உழைத்தவர்கள் சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கியவை. மாதம் 600, 700 வெள்ளி (ரிங்கிட்) வாடகைதான். அது நான்கு மாதம் நின்றுபோனால் வீட்டுக்காரர் குடும்பத்தில் மருந்துச் செலவிலேயே இடிக்கும். வழக்கறிஞரிடம் போகலாம் என்று நினைத்தால், வாடகைப் பாக்கியைவிட அவருக்குக் கொடுக்கும் காசு கூடிவிடுமோ என்ற பயம் வருகிறது. பயம் நியாயமானதுதான். வழக்கில் ஜெயித்தவர்களில் பலருக்கு வழக்கறிஞர் கட்டணத்தில் ஒரு பகுதி மட்டுமே திரும்புகிறது. முழுசாகக் கிடைக்குமா, கால்வாசி கிடைக்குமா என்பது பெரும்பாலும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரே ஒரு ஷரத்தையும், வழக்குக்கு முன் நீங்கள் சேர்த்து வைத்த காகிதங்களையும் பொறுத்தது.

‘செலவுத் தொகை’ வேறு, லாயர் பில் வேறு

மலேசிய நீதிமன்றங்களில் தோற்றவர் ஜெயித்தவருக்குச் செலவுத் தொகை கட்டுவதுதான் பொது வழக்கம். 2012 நீதிமன்ற விதிகளின் 59ஆவது கட்டளை (ஆர்டர்) இதைச் சொல்கிறது. ஆனால் அதே கட்டளை, செலவு எவ்வளவு என்பதை நீதிமன்றத்தின் முடிவுக்கே விட்டிருக்கிறது. கீழ் நீதிமன்றங்களில் வழக்குத் தொகையை ஒட்டிய அளவுகோலும் உண்டு. அந்த அளவுகோலில் கிடைக்கும் தொகைக்கும் நீங்கள் வழக்கறிஞரிடம் எண்ணிக் கொடுத்த தொகைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 4,500 வெள்ளி கட்டியவருக்கு 1,500 வெள்ளிக்கு உத்தரவு வந்தால், மீதி 3,000 அவர் பையிலிருந்து போனதுதான்.

இந்த இடைவெளியை அடைப்பது ஒப்பந்தம். ஆங்கிலத்தில் எழுதிய வாடகை ஒப்பந்தம் என்றால் ‘சொலிசிட்டர் அண்ட் கிளையண்ட் பேசிஸ்’, ‘ஃபுல் இன்டெம்னிட்டி’ ஆகிய சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். வழக்கறிஞருக்கு வீட்டுக்காரர் கொடுக்கும் கட்டணம் முழுவதையும் வாடகைக்காரர் ஈடுகட்டுவதாக ஒப்புக்கொள்கிறார் என்பது அதன் பொருள். இப்படி எழுதியிருந்தால் நீதிமன்றம் பொதுவாக அந்த ஒப்பந்தத்துக்கு மதிப்புக் கொடுக்கும். அப்போதும் நியாயமற்ற தொகையை வெட்டும் அதிகாரம் நீதிமன்றத்திடம்தான் இருக்கிறது. வெறுமனே ‘சட்டச் செலவுகளை வாடகைக்காரர் ஏற்பார்’ என்று ஒரு வரி மட்டும் இருந்தால் அளவுகோல் தொகையோடு முடிந்துபோகும் ஆபத்து அதிகம்.

நல்ல ஷரத்தில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும். கட்டணம் முழு ஈட்டு அடிப்படையில் என்பது ஒன்று. நோட்டீஸ், கோரிக்கைக் கடிதம், வழக்கு, தீர்ப்பை நிறைவேற்றும் நடவடிக்கை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும் என்பது இரண்டாவது. இதை விட்டுவிட்டால் வழக்குக்கு முன் அனுப்பிய கடிதத்துக்கான கட்டணம் வெளியே நின்றுவிடும். நீதிமன்றக் கட்டணம், சம்மனை எதிர்த்தரப்பிடம் சேர்ப்பிக்கும் (சார்வு) செலவு, பெய்லிஃப் (நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் அலுவலர்) செலவு, சேவை வரி ஆகியவை சேரும் என்பது மூன்றாவது. சேவை வரிக்குப் பதிவு பெற்ற வழக்கறிஞர் நிறுவனம் பில்லில் 8 விழுக்காடு சேர்க்கும், அதை மறந்துவிடாதீர்கள். நான்காவது, உத்தரவாதம் கொடுப்பவரும் இந்தச் செலவுக்குப் பொறுப்பு என்பது. நம் ஊரில் இது முக்கியம். வாடகைக்கு வருபவருக்கு நிரந்தர வேலை இல்லாமல் இருக்கலாம்; கையெழுத்துப் போடும் அண்ணனோ மாமாவோ மில்லில் சம்பளக்காரராக இருப்பார். அவர் வாடகைக்கு மட்டும் உத்தரவாதம் கொடுத்திருந்தால், வழக்குச் செலவை அவரிடம் கேட்க முடியாமல் போகும்.

‘வழக்கு வந்தால் 10,000 வெள்ளி’ என்று நிலையான தொகை எழுதுவது நல்லதல்ல. அந்த மாதிரித் தொகை 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவுக்குள் வரும். எழுதிய தொகையை மேல் எல்லையாக வைத்து, அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2018ல் கொடுத்த தீர்ப்பும் நியாயமான தொகையா என்பதையே அளவாக வைத்தது. 700 வெள்ளி வாடகை வீட்டுக்கு 10,000 வெள்ளி என்பதை நியாயமாகக் காட்டுவது கடினம்.

வாடகைக்காரராகக் கையெழுத்திடுபவர்கள் இந்த ஷரத்தை நிதானமாகப் படியுங்கள். அது ஒருபக்கமாக இருந்தால், யார் ஜெயித்தாலும் ஜெயித்தவருக்கு இதே அடிப்படையில் செலவு கிடைக்கும் என்று மாற்றி எழுதக் கேட்பதில் தவறில்லை. சாவி வாங்கிய பிறகு யாரும் அதை மாற்றித் தரமாட்டார்கள்.

ஸ்டாம்பிங் இல்லாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லாக்காசு

1949 முத்திரைச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, முத்திரைத் தீர்வை கட்டாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். ஷரத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைக் காட்டவே முடியாது. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையச் சேவையில் முத்திரையிட்டுவிடுங்கள். முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு விலக்கு இருந்தது. 2025 ஜனவரி முதல் அது இல்லை. ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி, ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை 3 வெள்ளி. மாதம் 700 என்றால் ஆண்டுக்கு 8,400. அதை 250ஆல் வகுத்தால் 33.6, மேல்நோக்கி 34. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 34 வெள்ளி, இரண்டாண்டுக்கு 102 வெள்ளி. இவ்வளவுதான் செலவு. தாமதித்தவர்கள் அபராதத்தோடு பிறகும் கட்டலாம், ஆனால் வழக்கைப் பதிவு செய்யும் முன் கட்டிவிடுங்கள்.

மூன்றாண்டுக்கு மேற்பட்ட வாடகையை நிலச் சட்டத்தின்படி குத்தகையாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். சாதாரண வீட்டுக்கு இரண்டாண்டு ஒப்பந்தமே போதும்.

பூட்டு மாற்றினால் செலவு உங்கள் தலையில்

கோபத்தில் செய்யும் ஒரு காரியம் முழு வழக்கையும் கெடுத்துவிடுகிறது. வாடகைக்காரர் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் பூட்டை மாற்றுவது, மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிப்பது, சாமான்களை ஐந்தடியில் (வெளி நடைபாதையில்) எடுத்து வைப்பது இதெல்லாம் வேண்டாம். வாடகைக் காலம் முடிந்த பிறகும் ஒருவர் வீட்டில் இருந்தால், நீதிமன்ற நடவடிக்கை மூலமாக அல்லாமல் அவரை வெளியேற்றக்கூடாது என்று 1950 ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 7(2) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மீறினால் அவர் எதிர்வழக்குப் போடுவார். பாக்கியில் நீங்கள் ஜெயித்தாலும், உங்கள் நடத்தையைப் பார்த்து நீதிமன்றம் செலவைக் குறைக்கலாம், மறுக்கலாம், உங்களையே கட்டச் சொல்லவும் செய்யலாம்.

நோட்டீஸும் ரசீதும்

முதலில் வாடகை ஒப்பந்தத்தை முறையாக முடிக்க வேண்டும். எழுத்தில்லாத மாத வாடகை என்றால், வாடகை மாதம் முடியும் நாளில் முடிவடையும்படி ஒரு முழு மாத நோட்டீஸ் கொடுங்கள். எழுதிய ஒப்பந்தத்தை இடையில் முறிப்பதானால் எந்த ஷரத்து மீறப்பட்டது, எந்தெந்த மாதப் பாக்கி எவ்வளவு, எத்தனை நாளுக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் எந்தத் தேதியோடு வாடகை முடிகிறது என்று நான்கையும் எழுதுங்கள். அந்தத் தேதி தவறினால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் தவறும்.

நோட்டீஸை ஏ.ஆர். ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குத் திரும்பி வரும் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். ஒப்பந்தத்தில் எந்த முகவரி இருக்கிறதோ அதற்கே அனுப்புங்கள். கூடவே வாட்ஸ்அப்பிலும் படமெடுத்து அனுப்பலாம். ஒப்பந்தம் அனுமதிக்காமல் வாட்ஸ்அப்பை மட்டும் நம்பாதீர்கள்.

நோட்டீஸில் வழக்குச் செலவு பற்றிய ஷரத்தின் எண்ணையும், இரட்டை வாடகை (கீழே விளக்கம்) கோரப்படும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சில நேரம் அந்த இரண்டு வரியைப் படித்ததுமே ஆள் வீட்டைக் காலி செய்துவிடுகிறார். வழக்கே இல்லாமல் முடிந்தால் அதைவிடக் குறைந்த செலவு வேறில்லை.

வாடகை முடிந்த தேதிக்குப் பிறகு அவர் 300, 400 என்று பணம் கொண்டுவந்தால் வழக்கம்போல் ‘வாடகை’ என்று ரசீது எழுதிவிடாதீர்கள். புதிய வாடகையை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாட அது வழிவிடும். பணத்தை வாங்கலாம், ரசீதில் இப்படி எழுதுங்கள்: ‘30.4 அன்று வாடகை முடிந்துவிட்டது. அதன் பிறகு வீட்டில் குடியிருந்ததற்கான இழப்பீட்டின் ஒரு பகுதியாக, என் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல், 400 வெள்ளி பெற்றுக்கொண்டேன்.’ வங்கிக் கணக்கில் அவரே பணம் போட்டுவிட்டால் அன்றைக்கே இதே வாசகத்தை எழுதி அனுப்பிவிடுங்கள்.

இரட்டை வாடகை: பலர் கேட்காமல் விடும் பணம்

1956 சிவில் சட்டத்தின் 28(4) பிரிவு, காலம் முடிந்தும் வீட்டை ஒப்படைக்காதவரிடம் ஒப்படைக்கும் நாள்வரை இரட்டிப்பு வாடகை கோரும் உரிமையை வீட்டுக்காரருக்குத் தருகிறது. ஒப்பந்தத்தில் செலவு ஷரத்து இல்லாதவர்கள் இதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டணத்தில் கிடைக்காத பகுதியை ஈடுகட்ட இது உதவும்.

ஒரு மாதிரிக் கணக்கு. மாத வாடகை 700. வைப்புத்தொகை இரண்டு மாதம், 1,400. தண்ணீர், மின்சார வைப்பு 350. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பாக்கி 2,800. ஏப்ரல் 30ல் வாடகை முடிந்தது. ஆகஸ்ட் 31ல் சாவி கைக்கு வந்தது. மே முதல் ஆகஸ்ட் வரை நான்கு மாதத்துக்கு 1,400 வீதம் 5,600. கட்டாத பில்கள் 410. மொத்தம் 8,810. வைப்புத்தொகைகள் 1,750 போக 7,060. இதோடு வழக்கறிஞர் கட்டணம் 4,500, நீதிமன்றம், சார்வு, தபால் வகையில் 480 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷரத்து இருந்தால் இந்த 4,980ஐயும் கேட்கலாம். இல்லாவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும் செலவுதான்.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. மே முதல் ஆகஸ்ட் வரை 700ஐ வாடகை என்று ஒரு வரியிலும், 1,400ஐ இரட்டிப்பு என்று இன்னொரு வரியிலும் எழுதி மூன்று மடங்கு கேட்டுவிடுகிறார்கள். அந்த நான்கு மாதத்துக்கு 1,400 மட்டுமே. வைப்புத்தொகையைக் கழிக்காமல் விடுவதும் இதே வகைதான். கணக்கில் ஒரு இடம் ஊதியிருந்தால், நியாயமான செலவுக் கோரிக்கையையும் நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கும்.

வைப்புத்தொகையிலிருந்து வழக்கறிஞர் கட்டணத்தைப் பிடிக்கலாமா என்று கேட்கிறார்கள். ஒப்பந்தம் அனுமதித்தால் மட்டும். இல்லையென்றால் முதலில் பாக்கி, பிறகு பில், பிறகு சேதம் என்று கழித்து, எழுத்தில் கணக்குக் கொடுங்கள்.

எந்த நீதிமன்றம், எந்த வழி

சிறு கோரிக்கை நடைமுறை அதே நீதிமன்ற விதிகளின் 93ஆவது கட்டளையில் இருக்கிறது, 5,000 வெள்ளி வரை. அங்கே இரு தரப்புக்கும் வழக்கறிஞர் வாதாட முடியாது, ஆகவே மீட்பதற்கு வழக்கறிஞர் கட்டணமும் இருக்காது. ஆள் ஏற்கெனவே வீட்டைக் காலி செய்துவிட்டார், பணம் மட்டும்தான் பாக்கி என்றால் இதுவே சிறந்த வழி. வைப்புத்தொகையைத் திரும்பத் தராத வீட்டுக்காரர்மீது வாடகைக்காரரும் இதே வழியில் போகலாம். 7,060ஐ இரண்டாகப் பிரித்து இரண்டு சிறு கோரிக்கை போட முடியாது. 5,000க்கு மேலுள்ளதை விட்டுக்கொடுத்தால் உள்ளே வரலாம். 2,060ஐ விடுவதா, வழக்கறிஞர் வைப்பதா என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

ஆள் வீட்டில் இன்னும் இருக்கிறார் என்றால் வழக்குத்தான். 100,000 வெள்ளி வரையிலான வழக்குகள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில். சுங்கை சிப்புட்டிலேயே ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரர், வாடகைக்காரர் விவகாரங்களில் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குத் தொகை வரம்பே இல்லை. அதற்காகச் சிறிய வழக்கை ஈப்போ செஷன்ஸுக்குக் கொண்டுபோகாதீர்கள். வழக்கறிஞரின் பயணமும் நேரமும் பில்லில் ஏறும், நீதிமன்றம் அதை நியாயமாகப் பார்க்காமல் போகலாம்.

89ஆவது கட்டளையில் வீட்டைச் சீக்கிரம் மீட்கும் சுருக்க வழி ஒன்று உண்டு. அனுமதியில்லாமல் புகுந்தவர்களுக்கான வழி அது. காலம் முடிந்தும் தங்கியிருக்கும் வாடகைக்காரருக்கு அது பொருந்தாது என்று அந்தக் கட்டளையிலேயே இருக்கிறது. தவறிப்போய் அந்த வழியில் போனால் மனு தள்ளுபடியாகி, எதிர்த்தரப்பின் செலவை நீங்கள் கட்ட நேரிடும்.

தோட்டக் குவாட்டர்ஸ் வேறு சங்கதி. வேலையோடு சேர்த்துக் கொடுத்த வீட்டில் இருப்பவர் பொதுவாக வாடகைக்காரர் அல்ல, அனுமதி பெற்றுக் குடியிருப்பவர். இரட்டை வாடகை, வாடகை ஒப்பந்தச் செலவு ஷரத்து எதுவும் அங்கே வராது. அந்த மாதிரி நோட்டீஸ் கைக்கு வந்த குடும்பங்கள் இந்தக் கட்டுரையை வைத்து முடிவெடுக்காமல், மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் உடனே காட்டுங்கள்.

இன்னொரு வழி, 1951 டிஸ்ட்ரெஸ் சட்டத்தின்படி வாடகைக்காரரின் பொருள்களைப் பறிமுதல் செய்து விற்பது. கடந்த 12 மாதம் வரையிலான வாடகைக்கு இதைக் கேட்கலாம். கடைவீடுகளுக்குப் பொருத்தம்; பழைய சோபாவும் டிவியும் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆகும் செலவே திரும்பாது. வாடகை இன்னும் நடப்பில் இருக்கிறது என்ற அடிப்படையில் நடக்கும் வழி என்பதால், வாடகையை முடித்துவிட்டேன் என்ற நோட்டீஸோடு இது மோதும். எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

கோரிக்கையில் எழுதாததைத் தீர்ப்பில் தேடாதீர்கள்

கோரிக்கை அறிக்கையின் கடைசிப் பகுதியில் ‘செலவுகள்’ என்று ஒரு சொல் மட்டும் இருந்தால் அளவுகோல் செலவோடு நின்றுவிடும். ஒப்பந்த ஷரத்தின் எண்ணை அறிக்கையின் முக்கியப் பகுதியில் எழுதி, முழு ஈட்டு அடிப்படையில் செலவு என்று கோரிக்கையில் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். பதிவு செய்யும் முன் வழக்கறிஞரிடம் வரைவை வாங்கி இந்த ஒரு வரியை நீங்களே பாருங்கள். சம்மன் சார்வான 14 நாளுக்குள் எதிர்த்தரப்பு ஆஜராகாவிட்டால் எதிர்ப்பில்லாத் தீர்ப்பு கேட்கலாம். சிறிய வீட்டு வழக்குகளில் இப்படித்தான் அதிகம் முடியும், அப்போது கோரிக்கையில் இருப்பதே தீர்ப்பாகும்.

கட்டணத்தை நிரூபிக்க வழக்கறிஞரோடு எழுதிக்கொண்ட கட்டண ஒப்பந்தம், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி வரியிட்ட பில், கட்டிய ரசீது மூன்றும் வேண்டும். ‘வழக்கு நடத்தியதற்கு 4,500’ என்று ஒரே வரியில் வரும் பில்லை அப்படியே ஏற்காதீர்கள். நோட்டீஸ், கோரிக்கை அறிக்கை, விசாரணை நாள்கள், நிறைவேற்றம் என்று பிரித்துக் கேளுங்கள். ஜெயித்தால்தான் கட்டணம் என்று வழக்கறிஞரோடு ஒப்பந்தம் போடுவதை 1976 வழக்கறிஞர் தொழில் சட்டம் தடை செய்கிறது. கடிதம் எழுதிக் கொடுக்கும் புரோக்கருக்குக் கட்டிய பணத்தையும் சட்டக் கட்டணமாக மீட்க முடியாது.

சமரசம் பேசும்போது செலவையே துருப்புச் சீட்டாக வைக்கலாம். ஒப்புதல் தீர்ப்பில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: இந்தத் தேதிக்குள் சாவியை ஒப்படைத்து, பாக்கியை மாதம் இவ்வளவு என்று தவறாமல் கட்டினால் வழக்கறிஞர் கட்டணம் தள்ளுபடி, ஒரு தவணை தவறினாலும் முழுக் கட்டணமும் சேர்த்து வசூலிக்கப்படும். குடும்பத்தோடு இருப்பவருக்கு வெளியேற ஒரு வழி கிடைக்கிறது, உங்களுக்கும் வீடு சீக்கிரம் கைக்கு வருகிறது. எங்கள் பார்வையில் 700 வெள்ளி வாடகை வீட்டுக்கு இதைவிட நல்ல முடிவு அரிது.

தீர்ப்பு வந்த பிறகு

வீட்டை மீட்க உடைமை ரிட் (வீட்டை எடுத்துத் தரச் சொல்லும் நீதிமன்ற ஆணை) வேண்டும். பெய்லிஃப் வந்துதான் எடுத்துத் தருவார். பணத்துக்குத் தீர்ப்புக் கடனாளி சம்மன் அனுப்பினால், அவர் வருமானத்தை விசாரித்து நீதிமன்றம் தவணை நிர்ணயிக்கும். தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்பவர்களிடம் இதுவே நடைமுறையில் பலன் தருகிறது. அவருடைய சேமநிதிப் பணத்தில் கைவைக்க முடியாது, சட்டம் அதைப் பாதுகாக்கிறது. ‘திவாலாக்கிவிடுவேன்’ என்ற மிரட்டலும் வேலைக்காகாது. திவால் நடவடிக்கைக்குக் கடன் குறைந்தது 100,000 வெள்ளி இருக்க வேண்டும்.

தீர்ப்புத் தொகைக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி ஓடும். தீர்ப்பை வைத்து 12 ஆண்டு வரை நடவடிக்கை எடுக்கலாம். ஆறு ஆண்டு தாண்டினால் நிறைவேற்ற ரிட்டுக்கு நீதிமன்றத்தின் அனுமதி கேட்க வேண்டும். இன்று கையில் காசில்லாதவர் இரண்டு வருடம் கழித்து நிரந்தர வேலையில் சேரலாம். தீர்ப்பின் முத்திரையிட்ட பிரதியையும் அவருடைய அடையாள அட்டை நகலையும் உத்தரவாதம் கொடுத்தவரின் முகவரியையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.